ஒன்பது அங்குலம்

"அத மட்டும் எடுக்காதீங்க மேடம்," என்றார் துப்பாக்கிக் கடைக்காரர் கேலன்.

கண்ணாடி மேசையின் மேல் ஏழு முன்பிடிகள் கிடந்தன. துப்பாக்கிக் குழலைச் சுற்றி, குழலை எங்குமே தொடாமல் நிற்கும் உறைகள் அவை. பின்முனையில் மட்டும் திருகி நிறுத்துவார்கள். அதன்பின் எவ்வளவு அழுத்திப் பிடித்தாலும் குழல் வளைந்து கொடுக்காது, குறி தப்பாது.

மார்லிஸ் கைவைத்தது ஏழாவதில். கறுப்பு, வழவழப்பு, ஒன்பதே அங்குலம். கார்பன் இழையில் செய்த வெறும் உருளை.

"தண்ணிக் குழாய் மாதிரி இருக்கு. ரெண்டு வருஷமா இங்கயே கெடக்குது, ஒருத்தரும் சீண்டல."

அவர் பதினைந்து அங்குல அலுமினியத்தை அவள் பக்கம் நகர்த்தினார். நெடுக விளக்கும் வாரும் மாட்டிக்கொள்ளத் துளைகள். இந்த கிரேட் ஃபால்ஸ் ஊரில் சொந்தமாகத் துப்பாக்கி கட்டுகிறவர்கள் பத்தில் எட்டுப் பேர் இதைத்தான் வாங்குகிறார்களாம்.

மார்லிஸ் துளையின் விளிம்பில் கட்டைவிரலை ஓட்டினாள்.

"கடிக்குது."

"கையுறை போட்டுக்குங்க."

"குளிர்ல வேற ஐஸ் மாதிரி ஆயிடும்."

"அதுக்கும் கையுறைதான்."

அவள் தலையை ஆட்டி மறுத்தாள். கேலன் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார்.

"துப்பாக்கிய யார் கட்டறது? வீட்டுக்காரரா?"

"நான்தான்."

"அந்தச் சின்ன ஸ்பிரிங்கெல்லாம்?"

"நான்தான். மூணு தரம் அடுப்புக்குப் பின்னால பறந்துடுச்சு."

"எனக்கு இன்னமும் பறக்குது," என்றார் அவர், குரலில் கொஞ்சம் மரியாதை ஏறி.

ஆனால் வாதத்தை விடவில்லை. இந்த நீளத்தில் பிடித்தால் கை மடங்கி நெஞ்சோடு ஒட்டிக்கொள்ளும், நீட்டிப் பிடித்தால்தான் துப்பாக்கி அடங்கும் என்றார். தானே ஒரு துப்பாக்கியைத் தோளுக்கு உயர்த்தி, கையை மடக்கி, மூக்கைச் சொறிவதுபோலச் செய்து காட்டினார். தோட்டாப் பெட்டிகளைப் புரட்டிக்கொண்டிருந்த ஒருவர் சத்தமாகச் சிரித்தார்.

மார்லிஸின் காது சூடேறியது. அவள் கிளம்பவில்லை.

"எனக்குச் சரியா இருக்கும்."

"எப்படின்னு சொல்லுங்களேன்."

"இருக்கும்."

"ஊர் உலகமே ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம்."

"ஆமா."

அரை மணி நேரம் ஆயிற்று. அவர் தராசைக் கொண்டுவந்து எடைபோட்டுக் காட்டினார். அவள் எடையைப் பற்றி யார் கேட்டது என்றாள். அவர் உள்ளே போய் இன்னும் இரண்டு பெட்டி எடுத்துவந்தார். அவள் இரண்டையும் தடவிப் பார்த்துவிட்டுத் திருப்பித் தள்ளினாள். கடைசியில் அவர் உருளையைப் பெட்டிக்குள் போட்டு, தோற்றவரைப் போலப் பெருமூச்சு விட்டார்.

"புடிக்கலன்னா ஒரு மாசத்துக்குள்ள கொண்டாங்க. சிரிக்காம வாங்கிக்கறேன்."

வண்டிக்குள் வந்து கதவைச் சாத்தியதும் மார்லிஸுக்கு வாய்விட்டுச் சிரிக்கவேண்டும் போலிருந்தது. கடையில் கழற்றாத கனத்த கோட்டை இப்போது தோளிலிருந்து நழுவவிட்டாள். பெட்டியைப் பல்லால் கிழித்து உருளையை வெளியே எடுத்தாள்.

அதை இடக்கையின் மேல் கிடத்தினாள்.

இடக்கை முழங்கைக்கு நாலு விரல் கீழே முடிந்திருந்தது. முந்தின வருஷத்து அறுவடையில், கோதுமையை மேலேற்றும் இயந்திரம் மீதியை எடுத்துக்கொண்டுவிட்டது.

மெல்லிய புதுத்தோலில் உருளை உறுத்தவில்லை, குளிரவுமில்லை. ஒன்பது அங்குலம் அந்தக் கைக்கு அளவெடுத்ததுபோல் இருந்தது.

அவளுடைய ஊரிலும் துப்பாக்கிக் கடை உண்டு, வங்கிக்கு நாலு கடை தள்ளி. அங்கே போயிருந்தால், எது வேணுமோ எடுத்துக்கம்மா என்று மெல்லிய குரலில் சொல்லியிருப்பார்கள். ஊர் முழுக்க இப்போது அந்தக் குரல்தான். வீட்டில், அவள் சாப்பிட உட்காருமுன்பே கணவன் ஆர்டன் இறைச்சியைத் துண்டு துண்டாக வெட்டி வைத்துவிடுகிறான். அவள் சொல்வது தப்பு என்று பதினான்கு மாதமாக ஒருவரும் சொல்லவில்லை. அதனால்தான் தன்னைத் தெரியாத ஊரைத் தேடி, தொண்ணூறு மைல் பனியில் தனியாக ஓட்டி வந்திருந்தாள்.

ஜன்னலில் யாரோ தட்டினார்கள்.

கேலன். தலையில் பனி விழ, தொப்பிகூட இல்லாமல் நின்றார். அவள் மேசையிலேயே மறந்துவிட்ட திருகுகளின் பொட்டலம் அவர் கையில் இருந்தது. அவள் கண்ணாடியைப் பாதி இறக்கினாள். கோட்டை மேலே இழுத்துக்கொள்ள நேரமில்லை. இழுத்துக்கொள்ளவும் தோன்றவில்லை.

அவர் பார்த்துவிட்டார்.

அடுத்து என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். முதலில் கண் தாழும். பிறகு அந்தக் குரல் வரும். இவ்வளவு தூரம் வந்து வாங்கிய சண்டை அதோடு முடிந்துபோகும். அவள் காத்திருந்தாள்.

கேலன் கையைப் பார்த்தார். அதன்மேல் கிடந்த உருளையைப் பார்த்தார். மறுபடி கையைப் பார்த்தார். புருவம் நெளிந்தது.

"அப்பவும் பன்னெண்டு எடுத்திருக்கணும்," என்றார். "ஒன்பதுக்கு அந்தப் பக்கம் குழல் மூடாம கெடக்கும், அதுதான் சூடேறும். நாலு ரவுண்டு சுட்டா கை வெந்துடும்."

"ஒன்பது போதும்," என்றாள் மார்லிஸ், கண்ணாடியை முழுவதும் இறக்கிக்கொண்டே.