பதினான்கு குவார்ட்டர்பேக்குகள்

“கரடிக்காரன் பொடிப்பயதான். ஆனா கடைசி அஞ்சு நிமிசத்துல பயமே இல்லாம எறியறான்டா” என்றார் மாதேஸ்வரன் போனில்.

மகன் கதிரவன் பதில் பேசவில்லை.

மொரப்பூர் ஸ்டேஷனில், பிளாட்பாரத்தின் கோடியில் இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் அவர். முப்பத்தொரு வருடம் தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேனாக இருந்து ஓய்வு பெற்ற ஸ்டேஷன். அவர் வீட்டைவிட இங்கே சிக்னல் நன்றாகக் கிடைக்கும்.

காலைப் பனி இன்னும் தண்டவாளத்தை விட்டு விலகவில்லை. துண்டைக் காதோடு சேர்த்துக் கட்டியிருந்தார்.

கையில் ஒரு தாள். இந்த வருடம் பிளேஆஃப் என்கிற கடைசிச் சுற்றுகளுக்குத் தேறிய பதினான்கு அமெரிக்கக் கால்பந்து அணிகளையும், அவற்றில் பந்தை எறிகிற குவார்ட்டர்பேக்குகளையும் அதில் எழுதியிருந்தார். ஊர்ப் பெயர்கள் அவர் வாயில் நுழையாது. ஹெல்மெட்டில் இருக்கும் படம்தான் அடையாளம். கரடி, கழுகு, குதிரை, மின்னல்.

கையால் பந்தை எறிந்து, ஆளை ஆள் முட்டித் தள்ளும் அந்த ஆட்டத்துக்கு ஏன் கால்பந்து என்று பெயர் வைத்தார்கள் என்பது மட்டும் அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை.

மின்னல்காரனுக்கு இடது கை முறிந்திருந்தது. எறிகிற கை சோத்தாங்கை என்பதால் தப்பித்தான் என்றார். கழுகு போன தடவை கப்பு வாங்கிய அணி, அந்த மிதப்பு இன்னும் இறங்கவில்லை என்றார். ஒரு பக்கம் மட்டும் படம் போட்ட ஹெல்மெட்காரனுக்கு நாற்பத்திரண்டு வயது, இந்தக் குளிரில் ஒரு அடி சரியாக விழுந்தால் எழ மாட்டான் என்றார்.

ஒவ்வொருவனைப் பற்றியும் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தினார். கதிரவன் சண்டைக்கு வரும் இடம் அது.

வரவில்லை.

கதிரவன் பஃபலோ போய் ஒன்பது வருடம் ஆகிறது. கூட வேலை செய்த கோகிலவாணியை அங்கேயே கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னபோது, “என்ன ஆளுங்க?” என்று ஒரே கேள்வி கேட்டார் மாதேஸ்வரன். பதிலைக் கேட்டதும் போனை வைத்தார். அதன் பிறகு நாலு வருடம் எடுக்கவில்லை.

ஒரு ஜனவரியில் மகனிடமிருந்து ஒரு வீடியோ வந்தது. கொட்டுகிற பனியில் ஒருவன் பந்தை எறிந்துவிட்டு மல்லாக்க விழுகிறான். பந்து எங்கோ தூரத்தில் ஓடுகிறவன் கையில் போய் உட்காருகிறது. ஐந்தாறு தடவை பார்த்தவர், யோசிக்காமல் மகனைக் கூப்பிட்டு, “யாருடா இவன்?” என்று கேட்டுவிட்டார்.

அன்றிலிருந்து ஆட்டம் நடக்கும் மாதங்களில் திங்கட்கிழமை தவறாமல் பேச்சு. யாருக்குத் தோள் வலி, எந்த அணியில் காவல் வரிசை ஓட்டை, இதுதான் பேச்சு. அந்த நாலு வருடத்தைப் பற்றி அவனும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்.

இன்று புதன்கிழமை.

பச்சைக்கொடியோடு வந்த பாயிண்ட்ஸ்மேன் சவுரியப்பன் சிரித்தான். “என்னண்ணே, பையன்கிட்ட காலையிலயே சண்டையா?”

ஆமாம் என்று தலையசைத்தார்.

சேலம் பக்கமிருந்து கூட்ஸ் வந்தது. பேச்சை நிறுத்தினார். ஐம்பத்தெட்டு வேகன். கடைசி வேகன் கண்ணுக்கு மறைந்தது. இன்னும் ஐம்பது வேகன் இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

தாளில் ஒரே ஒரு அணி மிச்சம். எருமைப் படம் போட்டது. பஃபலோ அணி, மகனின் அணி.

வம்புக்காகவே அதை வருடா வருடம் மட்டம் தட்டுவார். கதிரவன் கத்துவான். அந்தக் கத்தலைக் கேட்பதற்காகவே இன்னும் கொஞ்சம் மட்டம் தட்டுவார்.

“இந்த வருசம் உங்க எருமைதான்டா” என்றார். “பந்த வாங்க ஆளு கெடைக்கலன்னா எறியறவனே பந்தோட முட்டிட்டு ஓடறான். அவன நிறுத்த ஆளில்ல. நான் சொல்றன், எழுதி வெச்சுக்க.”

காத்திருந்தார்.

அந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் வந்தது. கொஞ்சமும் கூடாமல், கொஞ்சமும் குறையாமல், ஒரே அளவில்.

“மாமா” என்றாள் கோகிலவாணி. “முடிஞ்சுதுங்களா? டாக்டருங்க வந்து நிக்கறாங்க.”

பதினோரு நாளைக்கு முன்னால் ஐஸ் படிந்த ரோட்டில் கதிரவனின் கார் சறுக்கியது. மூளையில் இனி எதுவும் இல்லை என்று டாக்டர்கள் இரண்டு தடவை சோதித்துச் சொல்லிவிட்டார்கள். மூச்சு மெஷினுடையது. பாஸ்போர்ட்டே இல்லாத மாதேஸ்வரன், நேற்று மருமகளிடம் போனிலேயே மூச்சுக் குழாயை எடுக்கச் சரி என்று சொல்லியிருந்தார். குழாயை எடுக்கும் முன் போனை ஒரு தடவை அவர் காதில் வைக்கிறேன், என்ன பேச வேண்டுமோ பேசுங்கள், நீங்கள் முடித்த பிறகு எடுக்கட்டும் என்று அவள்தான் கேட்டிருந்தாள்.

மாதேஸ்வரன் தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

“முடியலம்மா” என்றார். “தேறாத அணி இன்னும் பதினெட்டு இருக்குது.”

அங்கே யாரோ இங்கிலீஷில் மெதுவாக ஏதோ கேட்டார்கள். அவளும் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். ஒரு நாற்காலி இழுபடும் சத்தம்.

“சொல்லுங்க மாமா” என்றாள். “அவரு கேட்டுட்டுதான் இருக்கறாரு.”