நாற்பத்தொரு புள்ளிகள்

“செவப்பா நிக்குதே, அதெல்லாம் யாரு?” என்று கேட்டார் மேலாளர் ரங்கா.

“வெளியே வர முடியாதவங்க சார். நாற்பத்தொரு பேர்,” என்றாள் ஸ்ரீவித்யா.

அது 1999ஆம் ஆண்டு. பழைய மெட்ராஸ் சாலையிலிருந்த அந்த ஆடைத் தொழிற்சாலையின் இரண்டாம் மாடி, கணினித் திரையில் விரிந்திருந்தது. தையல் வேலை செய்யும் பெண் ஒவ்வொருத்தியும் ஒரு புள்ளி. தீப்பற்றினால் அவர்கள் எப்படி ஓடுவார்கள், எங்கே நெரிபடுவார்கள், புகை சூழ்வதற்குள் எத்தனை பேர் படியிறங்குவார்கள் என்று காட்டும் நிரலை அவள் எழுதியிருந்தாள். வெளிநாட்டு வாடிக்கையாளர் வற்புறுத்தியதால்தான் நிர்வாகம் அதற்கு இசைந்தது.

சட்டைகள் களவுபோகின்றன என்று பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் முன்கதவு ஒன்றே வழி. திரையில் மட்டும் பின்கதவைத் திறந்துவிட்டு, அவள் மறுபடியும் ஓட்டிக் காட்டினாள். ஒரு சிவப்புப் புள்ளிகூட எஞ்சவில்லை.

அந்த நாற்பத்தொரு பேரும் எங்கே உட்காருகிறவர்கள் என்று ரங்கா கேட்டார். கடைசி மூன்று வரிசைகள் என்று அவள் சொன்னதும், வருகைப் பதிவேட்டைத் தருவித்து ஒவ்வொரு பெயராகப் படித்தார். சாந்தகுமாரி என்ற பெயரில் அவர் விரல் நின்றது.

“பத்து வருஷமா இங்க இருக்கறவங்க. மூணு பொண்ணுங்க. இவங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தாம்மா பதில் சொல்லணும். ஒரு வாரத்துல சரி பண்ணிடறேன்.”

ஸ்ரீவித்யாவுக்குக் கண்கள் கலங்கின. இவரல்லவா மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

அடுத்த வாரம் அவள் சென்றபோது, மாடியை அளக்க வந்த நாட்களிலேயே அவளுக்குப் பழக்கமாகியிருந்த சாந்தகுமாரி தரைத்தளத்தில், வாசலை ஒட்டிய இயந்திரத்தில் தைத்துக்கொண்டிருந்தாள். எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள்.

“ஒங்க புண்ணியம் மேடம். எங்க மூணு வரிசையையும் கீழ எறக்கிட்டாங்க. இனிமே பயமில்ல.”

பின்கதவைத் திறந்துவிட்டார்களா என்று ஸ்ரீவித்யா கேட்டாள். பூட்டு அப்படியே தொங்குகிறது என்றாள் சாந்தகுமாரி.

“அப்போ மேலே அந்த வரிசைங்க காலியா?”

“காலியா விடுவாங்களா?” சாந்தகுமாரி குரலைத் தாழ்த்தினாள். “காண்ட்ராக்ட் பொண்ணுங்கள ஏத்திட்டாங்க மேடம். ரிஜிஸ்டர்ல பேரே இல்லாதவங்களாப் பாத்து, நாப்பத்தொரு பேரு.”