வெறுங்கால்

அந்தக் கால்பந்து மைதானத்துக்கு யாரும் உரம் போடுவதில்லை. ரோசிலினின் பாதங்களில் குடியேற்றப்பட்ட நுண்ணுயிர்கள் காற்றிலிருந்து நைட்ரஜனைப் பிடித்துப் புல்லுக்குக் கொடுக்கும். தினமும் விடியும்போது அவள் வெறுங்காலோடு மைதானம் முழுக்க நடக்க வேண்டும். காலுக்குச் சோப்பு கூடாது. ஆன்டிபயாடிக் மாத்திரை கூடவே கூடாது.

கடைவாய்ப்பல் சொத்தையாகித் தாடை வீங்கியபோதுகூட, "ஃபைனல் முடியட்டும், பொறுத்துக்கம்மா" என்றார் மேலாளர்.

அவள் முனகலைத் தாங்க முடியாத கணவன் சேவியர், மாத்திரையைப் பொடித்து அவளுக்குத் தெரியாமல் கஞ்சியில் கலந்து கொடுத்தான். வீக்கம் வடிந்தது. அடுத்த வாரமே புல் மஞ்சளடித்தது.

சேவியர் மேலாளர் முன்னால் போய் நின்றான். "எம்மேலதான் சார் தப்பு. அவள வேலைய விட்டு அனுப்பிடுங்க."

மேலாளர் கோபப்படவே இல்லை. "அனுப்புறதா? குடும்பத்தோடன்னுதானப்பா ஒப்பந்தத்துல கையெழுத்துப் போட்டீங்க? உங்க பொண்ணு அம்மாவ ஒட்டித்தானே படுக்குது? அது கால்லயும் அந்தக் கிருமி இருக்கும். நாளைக்குக் கூட்டிட்டு வா."

மறுநாள் மைதான வாசலில் மகள் ஷைனி தன் பள்ளிக்கூட ஷூவைக் கழற்றினாள். "இன்னிக்கு ஸ்கூல் இல்லையாம்மா?" என்று துள்ளினாள்.

ரோசிலினுக்குத் தாடையில் இப்போது வலியே இல்லை. ஆனாலும் வாயைத் திறக்க முடியவில்லை.