தரங்கம்பாடியில் எடுத்த வீடியோ

அந்த வீடியோவில் மட்டும் ஒலி எழும்பவே இல்லை.

மாலை வரவேற்புக்கு இருபத்தாறு பாடல்கள், ஒன்பது வீடியோக்கள். எல்லாவற்றையும் ஒரே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். புதிய பாடல்கள் அலறும். பழையவை முனகும். செல்போனில் எடுத்தவற்றில் பாதிக்கு மேல் காற்றுதான். அப்படியே ஓடவிட்டால் மண்டபத்தில் கைக்குழந்தைகள் வீறிட்டு அழும்.

கல்யாணத்தின் ஒலி, வீடியோ வேலைகளை ஏற்றிருந்த அவள் காலையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

பதினோரு நொடி வீடியோ. தரங்கம்பாடி கடற்கரை. மணப்பெண் கயல்விழி துப்பட்டாவைப் பிடித்தபடி சிரிக்கிறாள். எடுத்தது மாப்பிள்ளை நவநீதன். நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம். ‘இது கண்டிப்பா வரணும்’ என்று எழுதி அவனேதான் அனுப்பியிருந்தான்.

அவள் ஒலியை ஏற்றினாள்.

காற்று. அலை.

காற்றின் இரைச்சலைக் குறைத்துவிட்டு இன்னும் ஏற்றினாள்.

ஹெட்போனில் ஓர் ஆண் குரல் வந்தது. மிகத் தணிவாக. போனை ஒட்டினாற்போல்.

“சிரி. நேத்து வாங்கின அடி மறந்துடுச்சா?”

அதன் பிறகுதான் கயல் சிரிக்கிறாள்.

அவள் மறுபடி ஓடவிட்டாள். மறுபடியும். நான்காவது முறை கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

வார்த்தைகள் மாறவில்லை.

லேப்டாப்பை அப்படியே தூக்கிக்கொண்டு மணப்பெண் அறைக்குப் போனாள். அலங்காரம் செய்யும் பெண் கயலுக்குச் சடை பின்னிக்கொண்டிருந்தாள். அவளை ஐந்து நிமிடம் வெளியே இருக்கச் சொன்னாள். கதவைச் சாத்தினாள். ஹெட்போனைக் கயலின் காதில் வைத்தாள்.

பதினோரு நொடி.

கயல் அதைக் கழற்றினாள். பூ கலையாமல், கவனமாக.

“இத வேற யாராவது கேட்டாங்களாக்கா?”

“நான் மட்டுந்தான். முகூர்த்தம் நாளைக்குக் காலைலதானே கயல். இன்னும் ஒண்ணும் ஆகிடல. உங்கப்பாவக் கூப்பிடட்டுமா?”

“அப்பாவுக்குத் தெரியும்.”

அவள் லேப்டாப்பை மூடினாள்.

“மூணு தடவ சொன்னேன். பத்திரிகை குடுத்தாச்சேம்மான்னாரு.”

கயல் அழவில்லை. மை போட்டிருந்தார்கள்.

வெளியிலிருந்து யாரோ கதவைத் தட்டினார்கள்.

“அந்த எடத்துல ஏதாவது பாட்டு ஏத்திடுங்கக்கா. நல்லா சத்தமா.”

அவள் திரும்பி வந்தாள். அந்தப் பதினோரு நொடியின் மேல் ஒரு குத்துப்பாட்டை ஏற்றினாள். ஹெட்போனை அழுத்திப் பிடித்து மூன்று முறை கேட்டாள். குரல் இல்லை. அலையும் இல்லை. வேலை சுத்தமாக இருந்தது.

பாட்டு ஏற்றாததையும் தனியாகச் சேமித்து வைத்தாள்.

ஏழரை மணிக்கு மண்டபம் நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் கயல் சிரித்தாள். நவநீதனின் நண்பர்கள் விசிலடித்தார்கள்.

மேடையில் நின்ற கயல் திரையின் பக்கம் திரும்பவில்லை. முதல் வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே அவளுடைய அப்பா திரையை அண்ணாந்து பார்த்துக் கைதட்டினார். பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். மறுபடி கைதட்டினார்.

வீடியோ முடிந்தது. அடுத்த பாடல் தொடங்கியது.

கயல் மேடையிலிருந்து கையசைத்து, கீழே லேப்டாப் அருகில் இருந்த அவளைக் கூப்பிட்டாள். போட்டோ எடுக்க என்று எல்லோரும் நினைத்தார்கள். அவளும் அப்படித்தான் நினைத்து ஏறினாள்.

கேமராவுக்காக இருவரும் நெருங்கி நின்றார்கள். கயல் அவள் தோளில் கைபோட்டு, காதருகே வாயைக் கொண்டுவந்தாள்.

“பாட்டு ஏத்தாதது இருக்கா?”

“இருக்கு.”

“காலைல, தாலி கட்டுறதுக்கு முன்னாடி போடுவீங்களா?”

அவள் கயலின் முகத்தைப் பார்த்தாள். கயல் கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தோளில் இருந்த கை மட்டும் இறுகியது.

“போடுறேன்.”

ஃபிளாஷ் வெட்டியது.

நவநீதன் சிரித்த முகத்தோடு அவள் பக்கம் குனிந்தான்.

“என்னவாம்?”

“சத்தம் பத்தலையாம்” என்றாள்.

சொல்லிவிட்டுப் படியிறங்கினாள்.