அளவுக்காரி

சொல்லாமல் கொள்ளாமல் மகளைப் பார்க்க வந்தது நல்லதாகப் போயிற்று என்று அம்மா பிறகு நினைத்துக்கொண்டாள்.

மகள் குளித்துக்கொண்டிருந்தாள். அவளோடு தங்கியிருக்கும் பெண், உள்ளங்கை அகலத் தராசில் ஏதோ பொடியைக் கத்தி நுனியால் தள்ளிக்கொண்டிருந்தாள். மூச்சு பட்டால் பறந்துவிடுமோ என்று வாயை இறுக்கி மூடியிருந்தாள்.

"என்னம்மா, தங்கமா நிறுக்கிறே?"

திடுக்கிட்டுத் திரும்பினாள். "ஆன்ட்டி! இது... காளான் பொடி."

"சமையலுக்கா?"

பாவம், பொய் சொல்லிப் பழக்கமில்லை போல. "போதைக் காளான், ஆன்ட்டி."

அம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அடிப்பாவி! பூனை மாதிரி இருந்துக்கிட்டு... இதுக்குத் தராசு வேறயா?"

"அளவு கூடிட்டா ஆபத்து ஆன்ட்டி."

"அளந்து சாப்பிட்டா மட்டும் அது டானிக்கா?"

"இல்ல ஆன்ட்டி. அளந்தாலும் ஆபத்துதான். அளக்காட்டி ரொம்ப ஆபத்து."

"வியாக்கியானத்துக்குக் குறைச்சல் இல்ல!"

அம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பீரோவைத் திறந்தாள். கைக்குக் கிடைத்த துணியையெல்லாம் பெட்டிக்குள் திணித்தாள். தலையில் துண்டோடு வந்த மகள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னம்மா பண்றே?"

"கிளம்பு! இந்தப் போதைக்காரியோட இனி ஒரு ராத்திரிகூட நீ தங்கக் கூடாது."

மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண், வேண்டாம் என்று கண்ணாலேயே தடுத்தாள்.

"அங்க என்ன ஜாடை? உங்கப்பா நம்பரைச் சொல்லுடி. பொண்ணோட லட்சணம் அவருக்கும் தெரியட்டும்."

அந்தப் பெண் நம்பரைச் சொன்னாள். அம்மா அழுத்தினாள். மணி போய்க்கொண்டிருந்தது.

"வைம்மா!" மகள் ஓடி வந்து கையைப் பிடித்தாள். "பொடி என்னோடதும்மா."

"என்னடி உளர்றே?"

"ஒரு நாள் குத்துமதிப்பா அள்ளிப் போட்டுக்கிட்டு, பறக்கப் போறேன்னு மொட்டை மாடிச் சுவர்மேல ஏறிட்டேன். காலைக் கட்டிக்கிட்டு இறக்கினது இவதான். இந்தப் பழக்கத்தையே விட்டுடுன்னு இவ கெஞ்சினா, நான் கேக்கல. அதுலேர்ந்து பொடிய இவதான் பூட்டி வச்சு, அளந்து குடுத்து, தெளியற வரைக்கும் பக்கத்துலேயே உக்கார்றா. இவ அதை நாக்குல வச்சதுகூட இல்லம்மா."

அம்மா அந்தப் பெண்ணைப் பார்த்தாள். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

போனில் ஒரு கனத்த குரல் பதறியது. "ஹலோ! யாருங்க? என் பொண்ணு ஏதாவது தப்புப் பண்ணிட்டாளா?"

"தப்புப் பண்ணினது என் பொண்ணுங்க" என்றாள் அம்மா. "உங்க பொண்ணு இன்னும் கொஞ்ச நாளைக்கு இவளை விட்டுப் போகாம இருக்கட்டும்னு கேக்கத்தான் கூப்பிட்டேன்."