சோசோன் கோயிலுக்கு ஆள் சேர்ந்த விதம்

இலவசமாகச் சாப்பாடு போடுகிறோம் என்று எழுதி ஒட்டியும் ஏன் ஒருவரும் வருவதில்லை? பொலிக்ஸேனிக்கு இது மட்டும் பிடிபடவே இல்லை.

போன வருடம் தீவின் துறைமுகத்தில் ஒட்டினாள். ஏதென்ஸ் கப்பலுக்கு டிக்கெட் கொடுக்கும் இடத்தில் ஒட்டினாள். ரொட்டிக்கடைக் கதவில்கூட. கிரேக்க மொழியில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று, பிரெஞ்சில் ஒன்று. 'மலைமேல் புனித சோசோன் திருவிழா. மாலைப் பூசை, பிறகு இலவச விருந்து. எல்லோரும் வாருங்கள்.'

விடுமுறைக்கு வந்த வெளிநாட்டுக்காரர்கள் நின்று படித்தார்கள். படித்துவிட்டுக் கடலில் குளிக்கப் போய்விட்டார்கள்.

பூசைக்கு நின்றது அவளும், அவள் கொழுந்தன் ஸ்தமாத்திஸும், பாதிரி யெராசிமோஸ் சாமியும்தான். புனிதரின் படத்தைச் சுமந்து கோயிலைச் சுற்றிவரக்கூட ஆள் போதவில்லை.

படத்தை ஒரு வருடம் வீட்டில் வைத்துக்கொள்பவர்தான் அடுத்த விருந்துக்குப் பொறுப்பு. வேறு யாரும் கை நீட்டாததால் அவளே எடுத்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷமும் இப்படித்தான்னா கோயிலப் பூட்டிடலாம்மா. படத்த ஊர்க் கோயில்ல வச்சுக்குவோம்" என்றார் சாமி.

பூட்டிவிட்டால், கடலைப் பார்த்த ஜன்னலில் விளக்கேற்ற யாரும் ஏறி வரமாட்டார்கள். அவள் மகன் நிகிதாஸ் எண்ணெய்க் கப்பலில் இருக்கிறான். எந்தக் கடல் என்பது வாரத்துக்கு வாரம் மாறும். அந்த விளக்கு எரிந்தால்தான் அவளுக்குத் தூக்கம் வரும்.

அந்த அடுத்த வருடம் வந்துவிட்டது. சூரியன் கடலுக்கு மேல் ஒரு முழத்தில் நிற்கிறது.

கொண்டைக்கடலைப் பானைகள் கோவேறு கழுதைமேல் வந்து இறங்கியாயிற்று. நேற்றே மழைத்தண்ணீர் ஊற்றி, மாவால் மூடியை ஒட்டி, ரொட்டிக்கடை அடுப்பில் வைத்தது. குழாய்த் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம். எவ்வளவு வெந்தாலும் கடலையின் தோல் விறைத்தே நிற்கும். மழைத்தண்ணீரென்றால் நாக்கு பட்டதும் கரையும்.

ஆனால் அதற்கு நாக்கு வேண்டுமே.

பொலிக்ஸேனி கரண்டிகளைத் துடைத்தாள். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தாள். பெஞ்சைச் சுவரோரம் தள்ளினாள், பிடிக்காமல் பழைய இடத்துக்கே இழுத்தாள். பாதையை எட்டிப் பார்த்தாள். ஓர் ஆடு நின்றது.

ஸ்தமாத்திஸ் அத்திமர நிழலில் காலை நீட்டிப் படுத்திருந்தான்.

"பேப்பர் ஒட்டினப்பவே ஈ காக்கா வரல. இந்த வருஷம் அதையும் ஒட்டல. சோசோனே படத்துலேருந்து எறங்கி வந்து ரெண்டு கிண்ணம் சாப்பிடுவார்னு நெனச்சீங்களா அண்ணி?"

"வாய மூடிட்டு ரொட்டிய நறுக்குடா."

ஒட்டவில்லைதான். வேறொன்று செய்திருந்தாள். பலித்தால் சொல்லிக்கொள்ளலாம் என்று வாயைக் கட்டிக்கொண்டிருந்தாள்.

ஊர்க்காரர்களை நம்பிப் பயனில்லை. கோடைக்குச் சொந்த ஊர் வந்தவர்கள் எல்லாம், பள்ளி திறக்கப்போகிறதென்று பிள்ளைகளோடு ஏதென்ஸுக்குக் கப்பலேறிவிட்டார்கள். மிச்சமிருப்பது அயலார்தான். அவள் வாடகைக்கு விடும் இரண்டு அறைகளுக்கு வருகிறவர்களும் அவர்கள்தான். பையைக் கீழே வைத்ததும் கேட்பார்கள்: இங்கே வேறு யாரும் பார்க்காத ஏதாவது உண்டா?

உண்டே என்று போன வருடமெல்லாம் அறிவிப்பைக் காட்டினாள். அவர்கள் முகம் வாடிப்போனது.

ஆடு திடீரென்று பாதையை விட்டு விலகி ஓடியது.

வளைவில் இரண்டு தொப்பிகள் தெரிந்தன. இரண்டு பெண்கள், திருட வந்தவர்களைப் போலக் காலடி பார்த்துப் பார்த்து ஏறி வந்தார்கள். பின்னாலேயே தாடிக்காரன் ஒருவன். அந்தப் பெண்களைக் கண்டதும், தன் இடத்தை யாரோ பிடித்துவிட்டதைப் போல அவன் முகம் தொங்கிப்போனது. அதற்கும் பின்னால் ஒரு குடும்பம், கைத்தடி ஊன்றிய ஒரு கிழவர், இன்னும் யார் யாரோ.

சாமி மணியடிப்பதற்குள் கோயில் சுவரில் உட்கார இடமில்லை.

தாடிக்காரன் அவளருகே வந்து, அரைகுறைக் கிரேக்கத்தில் கிசுகிசுத்தான்: "நாங்க இங்க இருக்கலாமா? வெளிய யார்கிட்டயும் மூச்சு விடமாட்டோம்."

அவள் படத்தின் ஒரு முனையை அவன் கையில் கொடுத்தாள்.

படம் கோயிலைச் சுற்றி வந்தது. பானை மூடிகளை ஒட்டிய மாவு உடைந்தது. நறுக்கிய ரொட்டி பற்றாமல் மறுபடி நறுக்கவேண்டியிருந்தது. ஸ்தமாத்திஸ் தானே சமைத்தவன் போல ஒவ்வொரு கிண்ணத்திலும் இன்னொரு கரண்டி ஊற்றிக்கொண்டு, "சாப்பிடுங்க, சாப்பிடுங்க, வெக்கப்படாதீங்க" என்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்குப் புரியாத கிரேக்கத்தில் அதட்டிக்கொண்டிருந்தான்.

ஜன்னலில் விளக்கை ஏற்றிவிட்டு அவள் வெளியே வந்தபோது சாமி கேட்டார்: "இந்த வருஷம் படம் யார் வீட்டுக்கு?"

"எனக்குக் குடுங்க சாமி" என்றான் ஸ்தமாத்திஸ். சொன்ன பிறகுதான் அவனுக்கே திக்கென்றது.

சாமி படத்தையும், அதன்மேல் கோயில் சாவியையும் அவன் கையில் வைத்துவிட்டுக் கொண்டைக்கடலைக் கிண்ணத்தோடு உட்கார்ந்தார்.

ஸ்தமாத்திஸ் அவளை ஓரமாக இழுத்துப் போனான்.

"அவசரப்பட்டு வாங்கிட்டேன் அண்ணி. அடுத்த வருஷம் என் மானம் போயிடக் கூடாது. எத்தன பேர்கிட்ட சொன்னீங்க?"

"ஒருத்திகிட்டதான். மாடி ரூம்ல இருக்காளே, அவகிட்ட. இது ஊர்க்காரங்களுக்கு மட்டும் தெரிஞ்ச எடம், தயவுசெஞ்சு யார்கிட்டயும் சொல்லிடாதீங்கன்னேன்."