விலாவில் மண்

படுத்துத் தூங்கி எழுந்த யானையின் விலாவில் காலையில் மண் ஒட்டியிருக்கும். ஒட்டாவிட்டால் சீக்கு என்று அர்த்தம். கோயில் யானை கோமளவல்லி படுக்காமல் நின்றே ஒரு மாதமாகிறது. படுத்தால் எழ முடியாது. தெரிந்தால் கோயிலைவிட்டு யானைகள் முகாமுக்குக் கொண்டுபோய்விடுவார்கள். அதற்குப் பயந்து பாகன் பரமு விடியலில் அதன் விலாவில் மண்ணை அப்புவான், கல்யாணப் பெண்ணுக்கு நலங்கு வைக்கிற மாதிரி. எங்கள் சன்னல் யானைக் கொட்டில் பக்கமாக அமைந்துவிட்டது, நான் என்ன செய்ய?

நேற்று வந்த டாக்டர் விலாவைப் பார்த்துவிட்டு, "நல்லாத் தூங்குது. தேரோட்டத்துக்கு நடக்கட்டும்" என்றார்.

அவர் போனதும், "பாஸாயிட்டாளா, பரமு?" என்றேன்.

"ஆமாக்கா. இனி எங்கேயும் கொண்டுபோக மாட்டாங்க."

"நாலு வீதி, தார்ரோடு, வெயிலு. நடுவுல படுத்துட்டாள்னா?"

அவன் யானையின் முன்னங்காலருகே குத்தவைத்து உட்கார்ந்து, இரண்டு கைகளாலும் அந்தக் காலைப் பிடித்துவிடத் தொடங்கினான்.